அறையில் இன்னொரு குரல்

கடப்பாக்கம்
16 ஜூன் 2024

அன்புத் தங்கை மேரிக்கு,

நானும் அப்பாவும் சுகம். ஏற்காட்டுக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? உனக்குக் காது அடைத்துக்கொள்ளுமே, பஞ்சு வைத்துக்கொள்.

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது ஐந்தாம் வகுப்பில், ‘விடுமுறையை எப்படிக் கழித்தேன் என்று நண்பனுக்குக் கடிதம் எழுதுக’ என்ற கேள்விக்கு. அதிலும் ஐந்துக்கு இரண்டுதான். கன்னியாஸ்திரி ஆகப் பயிலும் நவகன்னியர் இல்லத்தில் போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்று நீ சொல்லிவிட்டுப் போனதை அப்பா இன்னும் நம்பவில்லை. “இன்னாடா இது அக்குறும்பு, ஜெயில்ல கூட போன் கீதுன்றாங்க” என்று பஸ் நிறுத்தத்தில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருக்கிறார். முப்பது வருடம் ஈ.சி.ஆர். பஸ்ஸில் “முட்டுக்காடு போட் அவுஸ்லாம் எறங்கு” என்று கத்திய தொண்டை. கண்டக்டர் ரிட்டயர் ஆகிவிட்டார், சத்தம் ரிட்டயர் ஆகவில்லை.

என் படிப்பைக் கேட்டிருந்தாய். எம்.எஸ்சி. கணிதம் மூன்றாவது செமஸ்டர் ஓடுகிறது. செய்யூர் பள்ளியில் பத்தாம் வகுப்போடு என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். “எம்.எஸ்சி. முடிச்சிடு டீச்சர், அடுத்த ஜூன்ல ப்ளஸ் ஒன் உனக்குத்தான். முடிக்கலன்னா வெளியில ஆள் எடுத்துடுவேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது” என்று தாளாளர் ராகவன் சார் சொல்லிவிட்டார். அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பத்தில் ஒரு எம்.எஸ்சி. என்று அப்பா இப்போதே ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நான் இன்னும் பாஸே ஆகவில்லை.

இதுவரை பரீட்சைக்குச் செங்கல்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்வந்தேன். இந்த முறை முதல் வீட்டிலிருந்தே எழுத வேண்டுமாம். லேப்டாப் கேமரா நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும், மைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது, வேறு குரல் கேட்கக் கூடாது, முடியும்வரை எழுந்திருக்கவும் கூடாது. உன் மடத்து விதிகளைவிட மோசம். எனக்காக வேண்டிக்கொள்.

உன் அக்கா,
அன்பரசி

*

ஏற்காடு
7 ஜூலை 2024

மரியே வாழ்க!

அன்புள்ள அக்காவுக்கு,

இறைவன் அருளால் நலமாக இருக்கிறேன். உன் நலமும் அப்பாவின் நலமும் அறிய ஆவல். பஞ்சு வைத்துக்கொள்கிறேன்.

காலையில் செபம், பிறகு தோட்ட வேலை, பிறகு பாடம். ஆஸ்பத்திரியில் இருதய வார்டில் ஓடிக்கொண்டே இருந்தவளுக்கு உட்கார்ந்து செபிப்பதுதான் கடினமாக இருக்கிறது. கை சும்மா இருந்தால் யாருடைய நாடியையாவது பிடித்துப் பார்க்கத் தோன்றுகிறது. வாரம் ஒரு முறை எல்லோருக்கும் பிரஷர் பார்க்கும் வேலையை மதர் எனக்குக் கொடுத்திருக்கிறார். அதுதான் என் பொழுதுபோக்கு.

இங்கே இன்னொரு வழக்கம் உண்டு, முன்பே சொல்லிவிடுகிறேன். திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் கடிதங்களைக் கொடுக்க மாட்டார்கள். வருவதை ஒரு பெட்டியில் போட்டு வைத்து, கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் பிறகுதான் தருவார்கள். பதில் வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. நீ கோபித்துக்கொள்வாய் என்று தெரியும்.

அப்பா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? “போட்டுட்டேன்” என்று சொன்னால் நம்பாதே, அட்டையைப் பார். உன் பரீட்சைக்கு இங்கே பதினான்கு பேர் வேண்டிக்கொள்கிறோம்.

அன்புடன்,
மேரி

*

கடப்பாக்கம்
4 ஆகஸ்டு 2024

அன்பு மேரிக்கு,

சுகம். உன் சுகத்துக்கு இனி நீயே பொறுப்பு, ஏனென்றால் நீங்கள் பதினான்கு பேரும் வேண்டிக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன், கேள்.

பரீட்சை நாளில் அப்பா வாசலில் நின்று தெருவைக் காவல் காக்கிறேன் என்றார். சரி என்று விட்டேன். நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து கேள்வி தாண்டியிருப்பேன். வெளியில் நம் காசியம்மாள் மீன் கூடையோடு வந்து “வஞ்சிரம், சுதும்பு” என்று ஒரு குரல் கொடுத்திருக்கிறாள். அவள் குரல் எனக்குக் காதிலேயே விழவில்லை. பின்னாலேயே நம் ஆள் கிளம்பினார் பார்: “ஏய் காசி! சத்தம் போடாதே! எம் பொண்ணு உள்ள எம்மெஸ்ஸி பரீட்ச எழுதிகினு கீறா! வாயத் தொறக்காத, போ அப்பால!” முட்டுக்காடு வரை கேட்டிருக்கும். திரையில் சிவப்பு எழுத்தில் ‘அறையில் இன்னொரு குரல்’ என்று எச்சரிக்கை வந்துவிட்டது. இரண்டு நிமிடம் கழித்து ஆட்டுக்காரனை விரட்டினார். இரண்டாவது சிவப்பு. மூன்றாவது வந்தால் பரீட்சை தானாகவே மூடிக்கொள்ளும். எழுந்து போய் “அப்பா, வாயை மூடு” என்று சொல்லவும் வழியில்லை. நல்ல வேளையாக ஆடுகள் தீர்ந்துபோயின.

முடித்துவிட்டு வெளியே வந்து திட்டினேன் பார், அவ்வளவு நாள் பாக்கியையும் சேர்த்துத் திட்டினேன். அடுத்த தடவை சமையலறையில் உட்கார வேண்டும், உலகமே இடிந்தாலும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசினால் என் படிப்பு போய்விடும் என்றேன். சிலுவை போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு அன்று முழுக்க என்னிடம் பேசவே இல்லை. சத்தம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். எனக்கே பேஜாராகிவிட்டது. சாயங்காலம் நானே போய் “டீ போடட்டுமா?” என்று கேட்டுச் சமாதானம் ஆனோம்.

உன்,
அன்பரசி

*

ஏற்காடு
1 செப்டம்பர் 2024

மரியே வாழ்க!

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். எங்களுக்கு வரும் கடிதங்களை மதர் படித்துவிட்டுத்தான் தருவார். உன் கடிதத்தைக் கையில் கொடுக்கும்போதே அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “உங்க அப்பாவை ஒரு நாள் இங்க பூசை அறிவிப்பு வாசிக்கச் சொல்லணும்” என்றார்.

போன வாரம் பார்வையாளர் ஞாயிறுக்கு அப்பா தனியாக பஸ் ஏறி வந்திருந்தாரே, அதைப் பற்றி எழுத வேண்டும். பார்த்ததில் எனக்கு உயிர் வந்தது. ஆனால் கேட்டிலிருந்து வரவேற்பறைவரை உள்ள அந்தச் சின்ன மேட்டில் இரண்டு இடத்தில் நின்றார். “பூவெல்லாம் நல்லா கீதே” என்று பூவைப் பார்ப்பதுபோல் நின்றார். நம் அப்பா எந்தக் காலத்தில் பூ பார்த்தார்? பாதம் வீங்கியிருந்தது, செருப்பு வார் பதிந்த இடம் குழியாகத் தெரிந்தது. “மூச்சு வாங்குதாப்பா?” என்றால், “வயசாச்சுல்ல பாப்பா, பஸ்ஸுல குந்திகினு வந்தது” என்கிறார்.

அக்கா, அவரைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போய் ஒரு ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துவிடு. தள்ளிப்போடாதே. பயமுறுத்தவில்லை. பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

அன்புடன்,
மேரி

*

கடப்பாக்கம்
3 நவம்பர் 2024

அன்பு மேரிக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. பள்ளியில் காலாண்டு விடைத்தாள், இங்கே புராஜெக்ட், நடுவில் மழை. கடைசி செமஸ்டர் என்பதால் கழுத்தைப் பிடிக்கிறார்கள். நாங்கள் சுகம்.

மூன்றாவது செமஸ்டர் பாஸ். இரண்டு எச்சரிக்கை வந்ததை என் பெயருக்கு எதிரில் குறித்து வைத்திருக்கிறார்களாம், இனி கவனமாக இருக்கச் சொல்லி மெயில் வந்தது. இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் வீடியோ வகுப்பு போடுவேன். அப்பாவும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். ஒரு நாள் ரொம்ப யோசனையாக, “ஏம்மா, இந்த எப்சிலான் எப்சிலான்றாரே, யார் அது? டெய்லி அவரப் பத்தியே பேசிகினு கீறாரு” என்று கேட்டார். “அது ரொம்பச் சின்ன எண்ப்பா, எவ்வளவு வேண்டுமானாலும் சின்னதாக்கலாம்” என்றேன். “அப்ப நம்மள மாதிரி ஆளு” என்றார். என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

நீ சொன்ன எக்கோ விஷயம். இரண்டு முறை கிளம்பினோம். ஒரு முறை மழை, ஒரு முறை எனக்கு லீவு கிடைக்கவில்லை. தனியாகப் போகச் சொன்னால், “நீ பரீட்சய முடி, அப்புறம் நானே வரேன். நான் இன்னா ஓடியா பூடப் போறேன்” என்கிறார். மூச்சு வாங்குவது குறைந்திருப்பதாகச் சொல்கிறார். ஜனவரியில் பரீட்சை. முடிந்த மறுநாளே கூட்டிக்கொண்டு போகிறேன். நிச்சயம்.

உன்,
அன்பரசி

*

ஏற்காடு
30 நவம்பர் 2024

மரியே வாழ்க!

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நாளை திருவருகைக் காலம் தொடங்குகிறது. இனி கிறிஸ்துமஸ் வரை உன் கடிதம் எனக்குக் கிடைக்காது, நானும் எழுத மாட்டேன். அதனால் மதரிடம் கேட்டு இன்றைக்கே இந்த ஒரு பக்கத்தை எழுதுகிறேன்.

ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம் அக்கா. மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது என்றால், அவர் நடையைக் குறைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஒரே ஒரு நாள் லீவு போடு. உனக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அப்பாவுக்கு என் முத்தங்கள்.

மேரி

*

கடப்பாக்கம்
2 பிப்ரவரி 2025

மேரிக்கு,

நீ நல்லபடியாக மலைக்குப் போய்ச் சேர்ந்த செய்தி பங்குத்தந்தை மூலம் கிடைத்தது. குளிரில் கவனமாக இரு.

அப்பாவின் அடக்கத்துக்கு வந்து நீ வீட்டில் இருந்த அந்த மூன்று நாளில் உன்னோடு சரியாகப் பேச முடியவில்லை. வந்தவர்களுக்கு டீ கொடுப்பதிலும் பாய் விரிப்பதிலும் போய்விட்டது. முப்பதாம் நாள் பூசைக்குச் சொல்லியிருக்கிறேன். கல்லறையில் சிலுவை நட்டாகிவிட்டது. இறப்புச் சான்றிதழும் வாங்கியாகிவிட்டது.

நீ கேட்டதற்கு அன்று எல்லோர் முன்னாலும் சொன்னதுதான். சமையலறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூங்குவதுபோல் இருந்தார். உடனே போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். கஷ்டப்படவில்லை.

பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

அன்பரசி

*

ஏற்காடு
2 மார்ச் 2025

மரியே வாழ்க!

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதுவது இங்கே வழக்கம். எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தில் ஒரு கேலி இல்லை, ஒரு திட்டு இல்லை. யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. அதுதான் என்னைப் பயப்படுத்துகிறது.

ஒன்று கேட்கிறேன். அன்று உனக்குப் பரீட்சை நாள் என்று காசியம்மாள் சொன்னாள். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எழுதினாயா? அப்பா போன நேரத்தில் நீ எங்கே இருந்தாய்? குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை. அவருடைய கடைசி நேரம் எனக்குத் தெரியாமலே போய்விட்டது அக்கா. நான் இங்கே வந்த பிறகு அவர் குரலைக் கேட்டது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். போன் இல்லாததால் ஒரு பதிவுகூட என்னிடம் இல்லை. அவர் கடைசியாக என்ன பேசினார் என்றாவது எனக்குச் சொல்.

வரும் புதன் தவக்காலம் தொடங்குகிறது. நீ எழுதுவது ஈஸ்டருக்குப் பிறகுதான் என் கைக்கு வரும். இருந்தாலும் எழுது.

அன்புடன்,
மேரி

*

கடப்பாக்கம்
12 மார்ச் 2025

அன்பு மேரிக்கு,

நீ இதைப் படிக்கும்போது ஈஸ்டர் முடிந்திருக்கும். இப்போது படிக்க மாட்டாய் என்பதால்தான் எழுதுகிறேன். எதிரில் இருந்தால் என்னால் சொல்ல முடியாது. முதலில் மதருக்கு: அம்மா, இதைப் படித்துவிட்டு அவளிடம் கொடுக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் கொடுங்கள்.

எழுதினேன் மேரி. அப்பா அன்று காலையிலேயே ஒரு மாதிரியாக இருக்கிறது என்றார். டீ குடித்தால் சரியாகிவிடும் என்றார். முகம் வெளுத்திருந்தது. நான் அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அவர் சொன்ன சொல் தவறாமல் சமையலறைக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பாதிப் பரீட்சையில் உள்ளே டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து, “ஒண்ணும் இல்லமா. நீ எழுது” என்றார். மெதுவாகச் சொன்னார். நம் அப்பா வாழ்க்கையில் எப்போது மெதுவாகப் பேசியிருக்கிறார்? அதிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் முதலில் லேப்டாப் திரையில் சிவப்பு எழுத்து வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. மைக்குக்குக் கேட்கவில்லை என்று நிம்மதியானேன். நிம்மதியானேன் மேரி. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. பிறகு ஃபேன் சத்தத்தில் அடுத்த கேள்விக்குப் போனேன்.

கடைசிவரை எழுதிவிட்டுத்தான் எழுந்தேன். அவர் தூங்குவதுபோல் இருந்தார் என்று உன்னிடம் சொன்னேன். தோளில் போடும் துண்டை வாயில் கடித்துக்கொண்டிருந்தார். ஆட்கள் வருவதற்கு முன் நான்தான் எடுத்துவிட்டேன்.

இப்போது பல்கலைக்கழகத்திலிருந்து மெயில் வந்திருக்கிறது. இயந்திரம் விட்டதை ஆட்கள் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். முகம் திரையிலிருந்து விலகியது, இரண்டு இடத்தில் ஆண் குரல் கேட்கிறது, முன்பே எச்சரிக்கை பெற்றவர், ஆகவே தாள் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று போட்டிருக்கிறார்கள். அந்தக் குரல் யாருடையது, என்ன சொன்னது என்று மாதக் கடைசிக்குள் ஆதாரத்தோடு எழுதித் தராவிட்டால் தாள் ரத்து, பட்டமும் இல்லை. இரண்டு இடம் என்கிறார்கள். எனக்குத் தெரிந்து ஒன்றுதான். இன்னொன்று தெருவில் போன மீன் வண்டிக்காரராக இருக்கும்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு டீச்சர், டெத் சர்டிபிகேட்ட வெச்சு அனுப்பிடுங்க” என்கிறார் ராகவன் சார். அனுப்பினால் என்ன எழுதுவேன்? ‘இணைப்பு ஒன்று: என் தந்தையின் இறப்புச் சான்றிதழ். அவர் விடை சொல்லித் தரவில்லை, இறந்துகொண்டிருந்தார். நான் அது கேட்டும் எழுந்திருக்கவில்லை’ என்றா? அப்பாவின் சாவைக் காட்டி மார்க் வாங்குவதற்கு என் கை வரவில்லை. அனுப்பாவிட்டால், அவர் துண்டைக் கடித்துக்கொண்டு காப்பாற்றியதை நானே தூக்கிப் போட்டதாக ஆகும். இரண்டிலும் என்னால் நிற்க முடியவில்லை.

நீ நர்ஸ். நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். டம்ளர் விழுந்ததும் நான் எழுந்து போயிருந்தால் பிழைத்திருப்பாரா?

அன்பரசி

*

ஏற்காடு
27 ஏப்ரல் 2025

மரியே வாழ்க!

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்ப்பு ஞாயிறு மாலையில் மதர் தன் அறைக்கு என்னைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து உன் கடிதத்தைக் கொடுத்தார். படித்து முடிக்கும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஒரு வாரம் என்னால் எழுத முடியவில்லை. உன் மேல் கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், நிறைய வந்தது. தோட்டத்தில் களை பிடுங்கும்போது செடியையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன். பிறகு என் மேலேயே கோபம் வந்தது. வீங்கிய பாதத்தைப் பார்த்தவள் நான். பார்த்துவிட்டு, இரண்டு கடிதம் எழுதினால் கடமை முடிந்தது என்று இருந்தவளும் நான்தான். மதரிடம் கேட்டால் ஒரு போன் பண்ண விட்டிருப்பார். நான் கேட்கவே இல்லை.

நீ கேட்டதற்குப் பதில். டம்ளர் கையிலிருந்து விழுந்தது என்றால் அதுதான் அட்டாக். அந்தப் பேச்சோடு முடிந்திருக்கும். அதற்குப் பிறகு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்கூட இருந்திருக்காது. நீ எழுந்து போயிருந்தாலும், ஆம்புலன்ஸ் வாசலிலேயே நின்றிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. இருதய வார்டில் மூன்று வருடம் பார்த்தவள் சொல்கிறேன், நம்பு.

நீ அந்த விளக்கத்தை அனுப்பினாயா என்று தெரியாமல் தவிக்கிறேன். அனுப்பியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு செபத்திலும் கேட்கிறேன். அனுப்பாமல் விட்டிருந்தால் அப்பா உன்னை எப்படிக் கத்தியிருப்பார் என்று நினைத்துப் பார். ஊரே கூடியிருக்கும்.

இன்னொன்று. அவர்களிடம் அந்தக் குரல் இருக்கிறது அல்லவா? அந்தச் சின்னப் பதிவு மட்டும் கிடைத்தால் எனக்காக வாங்கி வை. துறவற வார்த்தைப்பாடு முடிந்து வெளியே வரும்போது ஒரே ஒரு முறை கேட்டுக்கொள்கிறேன். மெதுவாகப் பேசினால் அப்பா எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது.

உன்,
மேரி

*

கடப்பாக்கம்
18 மே 2025

அன்பு மேரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோபம் வந்தது என்று எழுதினாயே, அதைப் படித்த பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. அதுவரை எல்லோரும் ஆறுதல் சொல்லிச் சொல்லி என்னைக் கல்லாக்கி வைத்திருந்தார்கள்.

அனுப்பினேன். கடைசி நாளில்தான் அனுப்பினேன். உள்ளதை உள்ளபடி எழுதினேன், அவர் கடித்திருந்த துண்டைத் தவிர. இந்த மாதம் ஒரு கமிட்டி வீடியோவில் என்னைக் கூப்பிட்டது. மூன்று பேர் இருந்தார்கள். தாளை ஏற்றுக்கொண்டார்கள். பாஸ். அந்தத் தாளில் தொண்ணூற்றொன்று. என் வாழ்நாளில் கணிதத்தில் நான் அவ்வளவு வாங்கியதில்லை. டம்ளர் விழுந்ததற்குப் பிறகு போட்ட விடைகளில் ஒன்றுகூடத் தப்பில்லையாம். ஜூன் முதல் ப்ளஸ் ஒன் எனக்குத்தான். ராகவன் சார் பள்ளியில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தார். நானும் ஒன்று சாப்பிட்டேன்.

குரலைக் கேட்டாய். கமிட்டியிடம் கெஞ்சினேன். தாளை வேண்டுமானால் ரத்து செய்யுங்கள், எனக்கு அந்தக் குரல் பதிவைக் கொடுங்கள் என்றேன். விதியில் இடமில்லை, பதிவுகள் வெளியில் போகாது, கொஞ்ச நாளில் தானாகவே அழிந்துவிடும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நான் கேட்டதைத்தான் உனக்குச் சொல்ல முடியும்.

அடையாளம் சொல்வதற்காக இரண்டு இடத்தையும் எனக்குப் போட்டுக் காட்டினார்கள். முதலாவது, “ஒண்ணும் இல்லமா. நீ எழுது.” நான் எழுதியிருந்தது அப்படியே இருந்தது. மெதுவாகப் பேசினால் அப்பாவின் குரல் சின்னப் பையன் குரல்போல் இருக்கிறது மேரி. தொண்டையில் முரடே இல்லை.

இரண்டாவது மீன் வண்டிக்காரர் என்றே உனக்கு எழுதிவிடலாம் என்று இருந்தேன். இரண்டு நிமிடம்கூட இருந்திருக்காது என்று நீ எழுதியிருக்கிறாய். எனக்காகத்தான் அப்படி எழுதினாய் என்று தெரியும். நர்ஸாகப் பேசும்போது நீ நம்பு, நம்பாதே என்றெல்லாம் சொல்லவே மாட்டாய். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் கடைசியாக என்ன பேசினார் என்று நீதான் கேட்டாய். அது உனக்கும் சேர வேண்டியது. நான் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவதும் அப்பாதான். பரீட்சை முடியப் போகிற நேரம். முதலாவதற்கும் இதற்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. அவ்வளவு நேரமும் இருந்திருக்கிறார். ஃபேன் சத்தத்துக்கு அடியில், இன்னும் மெதுவாக, “அன்பு... முடிஞ்சிச்சாமா?” என்று ஒரு முறை கேட்கிறார். பதிலுக்காகக் காத்திருப்பதுபோல் கொஞ்சம் இடைவெளி. அதற்கு என் மவுஸ் கிளிக் ஆகும் சத்தம் கேட்கிறது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. அவர் மறுபடி கேட்கவில்லை.

கமிட்டியில் இருந்த ஓர் அம்மா மைக்கை அணைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இது உங்கள் தந்தையின் குரல்தானா என்று நடுவில் இருந்தவர் கேட்டார். ஆமாம் என்றேன். அதைப் பதிவு செய்துகொண்டார்கள்.

“இன்னும் இல்லப்பா” என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். பரீட்சை போயிருக்கும், அவ்வளவுதானே.

இங்கே சுகம் என்று எழுத வரவில்லை. நீ அங்கே சுகமாக இரு. மழைக்காலம் வருகிறது, காதுக்குப் பஞ்சு வை. கோபம் மிச்சம் இருந்தால் அதையும் எழுது.

உன் அக்கா,
அன்பரசி